நீல ஜீப்பின் இடது பக்கம்

ஜனவரி 4, வியாழன்

தினமும் நாலு வரியாவது எழுதுங்கள் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மூளைக்குப் பயிற்சியாம். இருபத்தாறு வருஷமாக டிரிப் நோட்டு எழுதிய கைதான். எழுதிவிடலாம்.

பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்து நாலு. தேவாலா ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று எழுத மாட்டேன். போன அக்டோபரில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறேன். கை டம்ளர் பிடிக்கிறது. கியர் பிடிக்க அது போதும்.

ஜீப் 94 மாடல். மூன்று மாசமாக வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. மார்ச் 12-ம் தேதியோடு எஃப்.சி., அதுதான் வண்டித் தகுதிச் சான்று, முடிகிறது. இன்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பானெட்டில் நீலம் சொறி பிடித்த மாதிரி உரிந்து கிடக்கிறது. கதவுக்கு அடியில் துரு. இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் ஆபீஸர் கிட்டே வரமாட்டார்.

முடிவு பண்ணிவிட்டேன். பெயின்ட் அடிக்கிறேன், எஃப்.சி. எடுக்கிறேன், ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

ஜனவரி 6, சனி

பெயின்டர் ஹம்சா வந்தார். கூடலூரில் பட்டறை வைத்திருக்கிறவர். என்னை மாதிரியே வண்டியோடு முடி நரைத்தவர். ஜீப்பை இரண்டு சுற்று சுற்றினார். விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்.

"முழுசா சுரண்டி, தகர வேலை பார்த்து, பள்ளத்துக்குப் பட்டி வெச்சு, பிரைமர், ரெண்டு கோட் பெயின்ட். எழுபத்தி ரெண்டாயிரம் ஆகும் அண்ணா."

"வண்டியே அவ்வளவு போகாது ஹம்சா."

"பெயின்ட் விலை கம்மிதான். சுரண்டுற கூலிதான் ஜாஸ்தி. முப்பது வருஷத்துல நாலு தடவை ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சு வெச்சிருக்கீங்க. எல்லாத்தையும் எடுத்தாத்தான் புதுசு நிக்கும்."

"சுரண்டுறதை நான் செஞ்சுட்டா?"

என் இடது கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கத் தெரியவில்லை.

"நாப்பத்தி ஒண்ணு," என்றார்.

உப்புத்தாளும் சுரண்டுற தகடும் அவரே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

ஜனவரி 7, ஞாயிறு

சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம். தோள் வலி.

ஜனவரி 9, செவ்வாய்

பானெட் முடிந்தது. கமலவேணி தோட்டத்தில் இலை பறித்துவிட்டு நாலு மணிக்கு வந்தாள். கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"பார்த்தா தெரியல?"

கூடையோடு உள்ளே போனாள். முப்பது வருஷத்தில் ஒரு பாராட்டு வந்ததில்லை. இன்று மட்டும் வந்துவிடுமா?

சாப்பாட்டில் பீன்ஸ் பொரியல் வைக்கவில்லை. சத்தம் போட்டேன். அவள் தட்டை அப்படியே சுற்றித் திருப்பி வைத்தாள். பொரியல் இருந்தது. நான் சத்தம் போட்ட பிறகு வைத்திருப்பாள்.

ஜனவரி 11, வியாழன்

ஹம்சா அந்தப் பக்கமாகப் போனவர் எட்டிப் பார்த்தார். "பானெட் பாதி நல்லா வந்திருக்கு அண்ணா. மீதியையும் பார்த்துடுங்க," என்றார். பாதியா? முழுசும் முடித்துவிட்டேன் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். கண்ணாடி மாற்ற வேண்டிய வயது அவருக்கு.

ஜனவரி 12, வெள்ளி

காலையில் பானெட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெறும் தகரம். நான் சொன்னதுதான் சரி.

கமலவேணி தோசை ஊற்றும்போது நகக்கண்ணெல்லாம் நீலமாக இருந்தது. என் சட்டையைத் துவைத்திருப்பாள்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

மச்சினன் தவசி கரும்போடு வந்தான். கமலவேணியின் தம்பி. அதே ஸ்டாண்டில் அடுத்தவன் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சாவியைக் கேட்டவன். வந்ததும் வராததுமாக ஜீப்பைத்தான் பார்த்தான்.

"மாமா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. வண்டி எவ்வளவு நாள் சும்மா நிக்கும்? நான் எடுத்து ஓட்டுறேன். வர்றதுல பாதி உங்களுக்கு."

"எனக்குக் காரியம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதி ஒட்டிட்டியா?"

"அப்படி இல்ல மாமா."

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி நான் ஸ்டாண்டுல நிப்பேன். வரிசையில உனக்கு முன்னால நிப்பேன். பார்த்துக்க."

பொங்கல் சாப்பிடாமல் போய்விட்டான். கமலவேணி அவனுக்காக எடுத்து வைத்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். இந்த ஜீப்புக்கு நான் பெயின்ட் அடிப்பதே, இவன் கை அதன் மேல் படாமல் இருக்கத்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

டிரைவர் கதவு. மூன்று மணி நேரம்.

ஜனவரி 17, புதன்

பின்பக்கத்து வலது பலகை. மூன்றரை மணி நேரம். டம்ளரை இடது கையால் தூக்கி முழு டீயும் குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஜனவரி 24, புதன்

கோயம்புத்தூர் போய்வந்தோம். டாக்டரம்மா கையை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். "பரவாயில்லையே!" என்றார். இந்த நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஏன் எல்லாப் பக்கத்துலயும் நடுவுல இருந்து எழுதியிருக்கீங்க?"

"அது மார்ஜின் மேடம்."

"இவ்வளவு பெரிய மார்ஜினா?" என்று சிரித்தார். பிறகு என் மூக்குக்கு நேராக உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து, எந்த விரல் ஆடுகிறது என்று கேட்டார். சின்னப்பிள்ளை விளையாட்டு. சொன்னேன். வண்டி ஓட்டுவதைப் பற்றியும் ஏதோ சொன்னார். ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி. சரி சரி என்றேன்.

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு கமலவேணியோடு வெகுநேரம் பேசினார். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பெண்களுக்குள் ஆயிரம் இருக்கும்.

ஜனவரி 30, செவ்வாய்

முன்பக்கம் முழுசும் முடிந்தது. ஹம்சா வந்து பானெட்டுக்கும் இரண்டு மட்கார்டுக்கும் பட்டி வைத்து பிரைமர் அடித்துவிட்டுப் போனார். சாம்பல் நிறம். பேண்டேஜ் போட்ட முகம் மாதிரி இருந்தாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்தேன். கமலவேணி எதற்கு என்றாள். பேட்டரி செத்துவிடும் என்றேன். பொய் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று ஓட்டினேன்!

காலை ஆறே முக்கால். கமலவேணி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சாவி ஆணியிலேயே தொங்கியது. எப்போது தேடினாலும் அங்கே இருக்காது, இன்று இருந்தது. பேட்டரியை மாட்டினேன். மூன்றாவது தடவை இஞ்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகைதான்.

முதல் கியர், இரண்டாவது கியர். இடது கை சொன்னபடி கேட்டது. கிளட்ச் கால் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். பொன்னையா டீக்கடை வரை போனேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். கடைக்கு முன்னால் உள்ள வளைவில் தேயிலைச் செடி உரசின சத்தம் கேட்டது. ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

பொன்னையா கடைக்கு வெளியே நின்றிருந்தான். ஓடிவந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். "ஓட்டுறேன் பார்த்தியா?" என்றேன். இஞ்ஜினை நிறுத்தி டீ கேட்டேன். கொடுத்தான். காசு வாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தன் எழுந்து வருவதைப் பார்க்க இவர்களுக்குப் பிடிக்காது.

திரும்பி வந்து நிறுத்தினேன். யார் மேலும் படவில்லை.

கமலவேணி மதியமே வந்துவிட்டாள். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் வழன்றிருந்தது. எடை போடுகிற இடத்தில் வழுக்கிவிட்டதாம். மஞ்சள் வைத்துக் கட்டினேன். தூக்குவாளி ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கியிருந்தது. விழுந்தபோது அடியில் மாட்டிக்கொண்டதாம். செருப்பு தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கித் தர வேண்டும்.

ஜீப் ஓட்டியதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

சாவி ஆணியில் இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

ஹம்சா வந்தார். இடது மட்கார்டைப் பார்த்து, "இது எங்க இடிச்சுது?" என்றார். பிரைமர் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, பட்டி பெயர்ந்து, தகரம் உள்ளே அமுங்கியிருக்கிறதாம். குனிந்து இடுக்கிலிருந்து ஒரு தேயிலைக் குச்சியை உருவினார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கேட் கம்பியாக இருக்கும் என்றேன்.

"கேட் பட்டா கோடு விழும் அண்ணா. இது ஏதோ உருண்டையா, பாத்திரம் கணக்கா பட்டிருக்கு."

சுர்ரென்று கோபம் வந்தது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 7, புதன்

நன்றாகத் தூங்கினேன் என்று நேற்று எழுதியது சரியில்லை.

பிப்ரவரி 10, சனி

காலையில் பொன்னையா கடைக்கு நடந்து போனேன். கூட்டம் இல்லை. அவன் டீ ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"அந்தம்மாவுக்கு காயம் ஆறிடுச்சா?"

"எந்தக் காயம்? வழுக்கினதா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "அண்ணே, சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. ஆனா நீங்க மறுபடியும் வண்டி எடுத்துட்டா என் மனசு தாங்காது. அன்னைக்கு உங்க சம்சாரம் வளைவுல ரோட்டை விட்டு ஓரமாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. நீங்க நேரா அது மேலயே வர்றீங்க. ஹாரன் இல்ல, பிரேக் இல்ல. நான் கத்துறேன். தேயிலைக்குள்ள குதிச்சதால உசிரு தப்பிச்சுது. தூக்குவாளி வண்டியில அடிச்சுது. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. கடையில வந்து ஓட்டுறேன் பார்த்தியான்னு கேக்கறீங்க. அது செடிக்குள்ள உக்காந்துக்கிட்டு, நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரிய வேண்டாம்னு சைகை காட்டுது."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

கமலவேணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் சொல்லல?"

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் ரோட்டு நடுவுல போனேன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

"ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு, இடது பக்கம் பார்க்கறதை மூளை எடுத்துக்க மாட்டேங்குதுன்னு. உங்களை வெச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. வண்டி ஓட்டவே கூடாதுன்னு போன மாசமும் சொன்னாங்க. நீங்க சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தீங்க."

"பானெட்?"

"பாதி நீங்க சுரண்டினீங்க. மீதி நான்."

"கதவு?"

"அதுவும்."

"எதுக்குடி இப்படி பண்ணின?"

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அக்டோபர்ல கட்டில்ல சுவரைப் பார்த்து படுத்தீங்களே, ரெண்டு மாசம் பேசல. பெயின்ட் அடிக்கணும்னு பேச்செடுத்த அப்புறம்தான் கம்பை விட்டு நடந்தீங்க. அதை எப்படிங்க நான் நிறுத்துவேன்? கை கால் வரட்டும், அதுக்குள்ள நீங்களே தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன். தினமும் சாவியை அரிசி டின்னுல வெச்சுட்டுத்தான் போவேன். அன்னைக்கு மறந்துட்டேன். தப்பு எம்மேலயும்தான்."

அவள் மேல் தப்பாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அவள் சொன்னதையும் பொன்னையா சொன்னதையும் நம்பினேன். ஆனாலும் நானே பார்க்க வேண்டும் என்றிருந்தது. பின்பக்கத்து இடது பலகையை இன்னும் தொடவில்லை. கமலவேணியிடம் சொன்னேன், "இன்னைக்கு நீ தொடாதே." அவளை வீட்டுக்குள் இருக்கச் சொன்னேன்.

பலகைக்கு நேராக முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுரண்டினேன். இவ்வளவு கவனமாக வாழ்க்கையில் ஒரு வேலை செய்ததில்லை. ஒரு புள்ளி நீலம் விடாமல் எடுத்துவிட்டேன் என்று நிச்சயமானதும் எழுந்தேன். நேராகப் பார்த்தால் முழுப் பலகையும் வெறும் தகரம். பிறகு பலகையின் இடது கோடிக்கும் அப்பால் நடந்து போய், அது முழுசும் எனக்கு வலது பக்கம் வருகிற மாதிரி நின்று பார்த்தேன்.

பலகையில் பாதி நீலமாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நடுவில் நின்றது. அந்தப் பாதியில் உப்புத்தாள் படவே இல்லை.

அந்தப் பாதியில்தான் அன்று அவள் நடந்துபோயிருக்கிறாள். தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போகிற ரோடு அது.

உட்கார்ந்துவிட்டேன். கமலவேணி வந்து பக்கத்தில் நின்றாள். எந்தப் பக்கம் என்று முதலில் தெரியவில்லை. தோளில் கை பட்ட பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

தவசி வீட்டுக்குப் போனேன். நாலு மாசத்தில் முதல் தடவை. குளித்துவிட்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டைப் பட்டன் போடுவதை நிறுத்திவிட்டான்.

"நான் உங்க அக்கா மேல வண்டியை விட்டுட்டேன்," என்றேன்.

அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவனிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, தூக்குவாளி, பலகை. அவன் முகம் இறுகியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தா மாமா..." என்றான். வெளியே போய் மூஞ்சி கழுவிவிட்டு வந்தான்.

"வண்டியை நீ ஓட்டு," என்றேன். "பாதி பாதி. ஆனா பெயின்ட் வேலை முடியற வரைக்கும் வண்டி எங்கிட்ட இருக்கும். அதை நான்தான் முடிப்பேன்."

"முடியுமா மாமா?"

"முடியும்."

பிப்ரவரி 14, புதன்

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எந்த வேலை செய்தாலும் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கோடு கண்ணில் படுகிறவரை தலையைத் திருப்ப வேண்டும், பட்ட பிறகு அங்கிருந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். பழகப் பழக வருமாம். "வண்டி ஓட்டுற அளவுக்கு வருமா?" என்றேன். "வாக்குக் கொடுக்க மாட்டேன்," என்றார். நேரான பதில். பிடித்திருந்தது.

சிவப்பு டேப் ஒரு கட்டு வாங்கினேன். பலகையின் இடது கோடியில் ஒட்டினேன். தலையைத் திருப்பினேன். தெரியவில்லை. இன்னும் திருப்பினேன். கழுத்து நரம்பு இழுத்தது. இன்னும். அப்புறம் தெரிந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

பின்பலகை முடிந்தது. கமலவேணி சுற்றிவந்து பார்த்தாள். "நாலு இடத்துல விட்டிருக்கீங்க," என்று கையை நீட்டிக் காட்டினாள். நாலு இடத்தையும் நானே எடுத்தேன். அவள் உப்புத்தாளைத் தொடவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

இடது கதவு. ஐந்து மணி நேரம். விட்ட இடம் ஒன்றே ஒன்று.

பிப்ரவரி 26, திங்கள்

சுரண்டுகிற வேலை தீர்ந்தது. ஹம்சா மீதிக்கெல்லாம் பட்டி வைத்தார். இடது மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் பட்டி, பிரைமர்.

"இதுக்குத் தனியா ஆயிரத்தி எண்ணூறு ஆகும். ஆனா வேண்டாம் அண்ணா, விடுங்க. நான் பார்த்துக்கறேன்," என்றார். தவசி சொல்லியிருப்பான் போல.

"அது நான் இடிச்சது ஹம்சா. மத்ததுல வேணா குறைச்சுக்கங்க. அதுல ஒரு பைசா குறைக்காதீங்க," என்றேன்.

அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

மார்ச் 2, சனி

பட்டறையில் பெயின்ட் அடித்தார்கள். அதே நீலம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

தவசிதான் எஃப்.சி.க்கு ஓட்டினான். நான் அவனுக்கு இடது பக்க சீட்டில். முதல் இரண்டு கிலோமீட்டர் என் கால் பிரேக்கைத் தேடியது. ஆபீஸர் வண்டியைச் சுற்றிவந்து, "யார் வேலை?" என்றார். ஹம்சா பேரைச் சொன்னேன். தவசி குறுக்கே புகுந்து, "சுரண்டினது பூரா எங்க மாமாங்க சார்," என்றான். பூரா இல்லை, பானெட், டிரைவர் கதவு என்று முதலில் செய்ததெல்லாம் பாதி என் சம்சாரம் என்றேன். ஆபீஸர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 11, திங்கள்

இன்று முதல் டிரிப்.

காலை ஏழரைக்கு ஸ்டாண்டில் வண்டி வரிசைக்கு வந்தது. கமலவேணி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்களும் சந்தைக்குப் போகிறவர்களும் ஏறினார்கள். கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார்கள். எப்போதிலிருந்து நீ ஓட்டப்போகிறாய் என்று ஒருத்தர் கேட்டார். நான் சொன்னேன், "இனிமே ஓட்ட மாட்டேன். எனக்கு இடது பக்கம் தெரியல." முதல் தடவை சொல்லும்போது வாய் உலர்ந்தது. இரண்டாவது ஆள் கேட்டபோது பரவாயில்லை.

முன்சீட்டில் நானும் கமலவேணியும் உட்கார்ந்திருந்தோம். பந்தலூர் வரை போய்விட்டு வருவதாகத் திட்டம். கிளம்புகிற நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். குழந்தைக்கு ஜுரம். பின்னால் எட்டிப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லை.

"அடுத்த வண்டியில வாம்மா," என்றான் தவசி. அடுத்த வண்டி நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். என்னை எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

நான் இறங்கினேன்.

"மாமா, நீங்க இருங்க! முதல் டிரிப்பு!"

"வண்டி ஆளுங்களுக்குத்தான்டா. நீ ஏறும்மா."

கமலவேணியும் எழுந்தாள். நீ போய்விட்டு வா என்று அவளை உட்காரவைத்தேன். குழந்தையை வாங்கிக் கமலவேணி மடியில் கொடுத்தேன்; அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினேன். தலையை முழுசாகத் திருப்பி இடது பக்கம் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் குடை பிடித்த ஒரு கிழவர் கடந்துகொண்டிருந்தார். அவர் போகிறவரை கையைத் தூக்கித் தவசியை நிறுத்தினேன்.

ஜீப்பின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். இருபத்தாறு வருஷமாக யாராவது சொல்லி நான் வண்டி எடுத்திருக்கிறேன். இன்று நான் சொன்னேன்.

"ரைட், போலாம்."